செக்ரோலுக்கு வெளியே: சுகாதாரக் காப்புறுதிச் சட்டமும் கண்டித் தோட்டங்களும்



பொதுச் சுகாதாரக் காப்புறுதிச் சட்டமும் எல்லோருக்குமான மருத்துவப் பாதுகாப்பும் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "இலங்கையில் அப்படி ஒரு சட்டமே இல்லையே, ஐந்து நிமிஷத்தில் மேடையை விட்டு இறங்கிவிடலாம்" என்றார். அவர் சொன்னது பாதிதான் சரி. இன்று அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் அதன் சாயல் கொண்ட ஒரு சட்டம் இந்த மலைகளில் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே இருந்தது. அதை நாம் காப்புறுதிச் சட்டம் என்று எண்ணிப் பார்த்ததில்லை. அந்தக் கதையிலிருந்து தொடங்கினால், இனி வரப்போகும் எந்தச் சட்டத்திடமும் என்ன கேட்க வேண்டும் என்பது தெளிவாகும்.

1872இல் இலங்கைச் சட்டசபை, கோப்பி மாவட்டங்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றி ஒரு கட்டளைச் சட்டம் இயற்றியது. கண்டியைச் சுற்றிய மலைகள்தான் அந்தக் கோப்பி மாவட்டங்களின் இதயம். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையைப் பயிரிட்டு அப்போது ஐந்து வருஷம்தான். தென்னிந்தியாவிலிருந்து கடல் தாண்டி, மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து மாத்தளைக்கும் கண்டிக்கும் வந்து சேர்ந்தவர்கள் வழியிலும், லயம் என்ற வரிசைக் குடியிருப்பிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சாவுகள் இந்திய அரசாங்கத்தின் கேள்விகளைக் கிளப்பின. தோட்டத் துரைமாரின் கணக்குப் புத்தகத்திலும் நட்டமாய் விழுந்தன. சட்டம் செய்த ஏற்பாடு சுருக்கமானது. தோட்டப் பிரதேசத்தை மருத்துவ மாவட்டங்களாகப் பிரிப்பது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வைத்திய அதிகாரியை வைப்பது, செலவின் பெரும்பங்கைப் பயிரிட்ட ஏக்கருக்கு இவ்வளவு என்று தோட்டங்களிடமே வசூலிப்பது. இலை நோய் கோப்பியை அழித்த பிறகு ஏக்கர் வரியைத் தண்டுவது பெரும்பாடானது. 1880களில் ஏற்றுமதித் தீர்வையிலிருந்து பணம் எடுக்கும்படி மாற்றினார்கள்.

மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உலகச் சுகாதாரக் காப்புறுதி வரலாறு எந்தப் பாடநூலிலும் பிஸ்மார்க்கோடுதான் தொடங்கும். ஜெர்மனியின் தொழிலாளர் நோய்க் காப்புறுதிச் சட்டம் 1883இல் வந்தது. கண்டி மலைகளின் சட்டம் அதற்குப் பதினொரு வருஷம் மூத்தது. கட்டாயப் பங்களிப்பு இருந்தது. இந்தச் செலவுக்கே என்று ஒதுக்கிய பணம் இருந்தது. இன்னாருக்கு இன்ன சேவை என்ற வரையறையும் இருந்தது. காப்புறுதியின் உறுப்புகள் ஏறக்குறைய எல்லாம் இருந்தன. வித்தியாசம் ஒன்றுதான்: ஜெர்மன் தொழிலாளி தன் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்டினான், அந்த நிதியை நிருவகிக்கும் சபையில் அவனுடைய பிரதிநிதியும் உட்கார்ந்தான். இங்கே பணம் கட்டியவர் துரை. ஆகவே வைத்தியம் துரைக்குப் பதில் சொன்னது. நோயாளிக்கு அதைக் கேட்க வாயில்லை.

1912இல் அந்தச் சட்டங்களைத் திரட்டி மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், இலக்கம் 9, வந்தது. அதில் தோட்ட அத்தியட்சகரின் கடமைகளைப் பட்டியலிடும் பிரிவை நான் பல தடவை படித்திருக்கிறேன். லயங்களைச் சுகாதாரமாக வைத்திருக்க வேண்டும். தோட்டத்தில் யார் நோயாய்க் கிடக்கிறார்கள் என்று விசாரித்து அறிய வேண்டும். கடும் நோய் என்றால் மாவட்ட வைத்திய அதிகாரிக்கு ஆள் அனுப்ப வேண்டும். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு முப்பது நாள் உணவும் இருப்பிடமும் கொடுக்க வேண்டும். அந்த நாட்களில் அவளை வேலைக்கு இறக்கக் கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் போதிய கவனிப்பும் ஊட்டமும் கிடைப்பதை உறுதிப்படுத்த வேண்டும். 1912இல், பிள்ளை பெற்றவளுக்கு முப்பது நாள் ஓய்வு! தீவின் மற்ற ஏழைப் பெண்ணுக்கு அப்போது சட்டத்தில் இது இருக்கவில்லை. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வர 1939 ஆயிற்று.

நல்ல சட்டம்தானே என்று தோன்றும். எழுத்தைப் பார்த்தால் நல்ல சட்டம்தான். அதன் உள்ளே இருந்த கோளாறு, கடமையைச் சுமந்தவரும் கடமை தவறினால் லாபம் பெறுபவரும் ஒரே ஆளாக இருந்ததுதான். 1916இல் ரொக்பெல்லர் மன்றத்தார் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினார்கள். புழு மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. மலசலகூடம் இல்லாத லயத்துக்கே மருந்து குடித்த ஆள் திரும்பிப் போனார், வெறுங்காலோடு மலைக்கு ஏறினார், மறுபடி புழு ஏறியது. மருந்துக்குத் தோட்டங்கள் சம்மதித்தன. மலசலகூடம் கட்டுவதற்குத்தான் இழுபறி. மருந்து ஆளை அடுத்த கிழமை பெரட்டுக்கு, காலை ஆள்கணக்குக்கு, கொண்டுவரும். மலசலகூடத்தின் பலன் தெரிய வருஷக்கணக்காகும். செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில், பேர் விழுவதற்காகக் கொடுக்கப்படும் வைத்தியம் அந்தப் பேரின் அளவுக்குத்தான் நீளும்.

இனித் தோட்டத்துக்கு வெளியே நடந்ததைப் பார்ப்போம். 1931இல் டொனமூர் யாப்பு இந்தத் தீவில் வயதுவந்தோர் வாக்குரிமையைக் கொண்டுவந்தது. 1934–35இல் மலேரியா வந்தது. கண்டிக்கு மேற்கே கேகாலையும் குருநாகலும் மிக மோசமாய் அடிபட்டன. நாடு முழுவதும் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். வாக்குள்ள மக்கள் செத்தால் அரசியல்வாதி ஊருக்குப் போய்த்தான் ஆக வேண்டும். போனவரிடம் ஜனங்கள் பாலமும் பள்ளிக்கூடமும் கேட்டதோடு ஆஸ்பத்திரியும் கேட்டார்கள். அடுத்த இருபது வருஷத்தில் கிராமப்புறமெங்கும் எழுந்த டிஸ்பென்சரிகளும் பிரசவ விடுதிகளும் எந்தக் காப்புறுதித் திட்டத்தாலும் வந்தவை இல்லை. வாக்குப் பெட்டியால் வந்தவை. 1951இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. 1946இல் ஆயிரம் பிறப்புக்கு 141 ஆக இருந்த சிசு மரணம், பிறகு சரசரவென்று இறங்கியது. 1985இல் ரொக்பெல்லர் மன்றம் குறைந்த செலவில் நல்ல சுகாதாரம் கண்ட இடங்களை ஆராய்ந்தபோது சீனா, கொஸ்தாரிக்கா, கேரளம் ஆகியவற்றோடு இலங்கையையும் எடுத்துக்கொண்டது. நமக்கு அதில் பெருமை உண்டு, இருக்கவும் வேண்டும்.

ஆனால் அந்தக் காலத்தில் இந்த மலையில் என்ன நடந்தது? 1947 தேர்தலில் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம் வென்றார். அடுத்த வருஷமே, தோட்ட மக்களை நாடற்றவராக்கிய 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. 1952இல் தோட்டத் தொழிலாளரின் வாக்கில் ஒரு பிரதிநிதிகூடப் பாராளுமன்றம் போகவில்லை. இலவச வைத்தியம் எல்லோருக்கும் என்று அறிவித்த அதே வருஷங்களில், அதைக் கேட்டு வாங்கும் வாய் மலையகத்தில் அடைக்கப்பட்டது. தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறு விளக்கம் தேவைப்படாது. தோட்ட மக்களுக்குத்தான் ஏற்கெனவே தனிச் சட்டம் இருக்கிறதே, கம்பனி பார்த்துக்கொள்கிறதே என்பது அரசுக்கு வசதியான பதிலாயிற்று. 1872இன் சட்டம் இப்படி ஒரு மதிலாக மாறியது. தீவில் முதன்முதல் சட்டப் பாதுகாப்புப் பெற்ற தொழிலாளி, தேசிய சேவைக்குள் கடைசியாக வந்து சேர்ந்தார். முழுமையாக வந்துவிட்டாரா என்பதே இன்றும் வாதம்.

1973–74 பஞ்சத்தை நேரில் கண்டவர்கள் இந்தச் சபையில் இருக்கக்கூடும். மாவும் சீனியும் அரிசியும் சுருங்கியபோது கிராமத்துக்கு ஒரு துண்டு நிலமாவது இருந்தது. லயத்துக்கு அதுவும் இல்லை. தோட்டங்களின் இறப்பு வீதம் தாவி ஏறியது. கண்டி இந்திய உதவித் தூதரகத்தின் வாசலில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகவேண்டியவர்கள் பாஸ்போட்டுக்கு வரிசையில் நின்ற காலமும் அதுதான். அப்படிப் போனவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில், 1968இல் அவர்களுக்காகவே தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டத்தில், கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி கொழுந்து பறித்தார்கள். அவர்களைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

நிலச்சீர்திருத்தத்துக்குப் பின்னர், 1975இலிருந்து தோட்டங்கள் அரசு வசம் வந்தன. பிள்ளைக்காம்பராக்கள் சீரடைந்தன. மருத்துவிச்சிமார் நியமிக்கப்பட்டார்கள். தடுப்பூசி ஒழுங்காய்ப் போனது. குழந்தைச் சாவு குறைந்ததில் அந்தப் பதினைந்து வருஷத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பதைத் தனியார்மயத்தின் ஆதரவாளர்கூட மறுப்பதில்லை. 1992இல் முகாமை கம்பனிகளுக்குக் கைமாறியது. சுகாதாரத்துக்கும் வீட்டுக்கும் ஒரு நம்பிக்கைப் பொறுப்பு அமைக்கப்பட்டது. இன்று அது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். 1990களின் நடுவிலிருந்து தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கும் வேலை நடக்கிறது, நின்று நின்று நடக்கிறது. சில இடங்களில் அரச வைத்தியர் வந்தார். பல இடங்களில் தோட்ட வைத்திய உதவியாளரும் பூட்டிய ஓர் அறையும் எஞ்சின. 2016இன் குடித்தொகை, சுகாதார ஆய்வுப்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர் நாட்டில் 17 வீதம். தோட்டத்துறையில் ஏறக்குறைய 32.

இந்தப் பின்னணியில்தான், கொழும்பில் காலத்துக்குக் காலம் எழும் தேசிய சுகாதாரக் காப்புறுதி யோசனையைப் பார்க்க வேண்டும். யோசனைக்குக் காரணம் உண்டு, அதை நான் ஏளனம் செய்யவில்லை. இலவசச் சேவை என்று சொல்கிறோம். ஆனால் நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் நாற்பது வீதத்துக்கும் மேல் மக்கள் தம் சட்டைப் பையிலிருந்து நேரே கொடுப்பது. அரசின் பங்கோ மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இரண்டு வீதத்தை ஒட்டியே நிற்கிறது. தெல்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில் நீரிழிவுள்ள ஓர் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டியில் கிளினிக் நாள். விடியுமுன் எழும்பி முதல் பஸ்ஸைப் பிடிக்கிறார். கிளினிக் கொப்பியைப் பெட்டியில் போட்டு வாங்கில் இருக்கிறார். இரத்தம் சோதிக்க வேண்டும்; ஆஸ்பத்திரியில் அன்றைக்கு அந்த டெஸ்ட் இல்லை, "வெளியில செய்துட்டு வாங்க" என்று ஒரு துண்டு. மருந்தில் இரண்டு கிடைக்கிறது, மூன்றாவது "வெளியில எடுங்க" என்று இன்னொரு துண்டு. வாசலுக்கு எதிரே பார்மசிகள் வரிசையாய் இருக்கின்றன. பஸ் காசு, டெஸ்ட் காசு, மருந்துக் காசு. அன்றைக்குப் பேர் இல்லாததால் சம்பளமும் இல்லை. வைத்தியர் இலவசமாகத்தான் பார்த்தார். சிங்களத்தில் சொன்னார், பக்கத்திலிருந்த யாரோ தமிழில் பாதி சொன்னார்கள். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அந்த மூன்றாவது மருந்தில் ஒரு கிழமைக்குத்தான் வாங்கியிருக்கிறார்.

இந்த அம்மாவுக்குக் காப்புறுதி உதவுமா? அக்ரஹார காப்புறுதியைப் பாருங்கள். 1997இலிருந்து அரச ஊழியருக்கு இருக்கிறது, இன்று தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ். நன்றாகத்தான் நடக்கிறது, ஆனால் சம்பளப் பட்டியலில் பெயர் இருப்பவருக்கு. பாடசாலைப் பிள்ளைகளுக்கு 2017இல் சுரக்ஷா வந்தது. ஊழியர் நம்பிக்கை நிதியிலிருந்து இருதய சத்திரசிகிச்சைக்கும் சிறுநீரக மாற்றுக்கும் கண் வில்லைக்கும் உதவி கேட்கலாம். ஜனாதிபதி நிதியத்துக்கும் எழுதலாம். பெரும்பாலும் பெரிய வருத்தத்துக்கும் விடுதியில் படுப்பதற்கும்தான். அந்த அம்மாவின் செலவு மாதாமாதம் வரும் சின்னச் செலவு. பஸ், டெஸ்ட், மூன்றாவது மருந்து.

இப்போது நீலகிரிக்குப் போனவர்களைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாய் மாறியது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் அட்டை பெறும் என்று ஆரம்பத்தில் வரையறுத்தார்கள். கண்டியிலிருந்து போன குடும்பத்தின் பேரன் கோத்தகிரியில் அட்டை வைத்திருக்கிறான். கோயம்புத்தூர்த் தனியார் மருத்துவமனையில் இருதயத்துக்கு அட்டை செல்லும். பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் மாதாந்த நீரிழிவு மாத்திரைக்கு அட்டை செல்லாது. அதற்கு அவன் அரசு மருத்துவச் சேவையைத்தான் நம்ப வேண்டும், அங்கே மருந்து இருப்பதும் இல்லாததும் வரிப்பணத்தில் நடக்கும் பழைய ஏற்பாட்டைப் பொறுத்தது. காப்பீட்டு அட்டை என்பது குடை மாதிரி. நனைவதைத் தடுக்கும், கூரைக்குப் பதிலாகாது.

நம் மலைக்குக் காப்புறுதி பொருந்தாது என்பதற்கு இதைவிடக் கடுமையான காரணம் ஒன்று இருக்கிறது. பங்களிப்பு முறை என்றால் யாராவது சம்பளத்தில் வெட்டி, நிதிக்குச் செலுத்த வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். 1958இலிருந்தும் 1980இலிருந்தும் சட்டமாக இருப்பவை இவை. கண்டி, மாத்தளைப் பக்கத்து அரச தோட்டங்களில், மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையிலும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திலும் எல்கடுவைப் பெருந்தோட்டக் கம்பனியிலும், இந்தப் பணம் வருஷக்கணக்கில் நிலுவை நின்றது. பாராளுமன்றக் குழுக்களில் பேசப்பட்ட விஷயம் இது. தொழிலாளியின் சீட்டில் வெட்டு விழுந்தது, நிதியில் வரவு விழவில்லை. ஓய்வுபெற்றவர் தன் பணத்தைக் கேட்டு அலைந்தார். சேமலாப நிதி என்றால் முதுமையில் தாமதமாகவாவது வரலாம். காப்புறுதிக் கட்டணம் நிலுவை நின்றால் என்ன ஆகும்? நெஞ்சுவலியோடு வந்தவரிடம் "உங்கள் தோட்டம் இந்தக் காலாண்டுக்குக் கட்டவில்லை" என்று சொல்லப் போகிறோமா? அரசே முதலாளியாய் இருந்த இடத்தில் நடந்ததைத்தான் சொன்னேன். கம்பனிகளைப் பற்றிப் பிறகு யோசியுங்கள்.

பதிவுத் தொழிலாளரே குறைந்து போகிறார்கள். 1980 அளவில் ஐந்து இலட்சத்துக்கு மேல் இருந்தவர்கள் இன்று அதில் மூன்றிலொன்றுகூட இல்லை. மீதிப்பேர் தோட்டத்தை விட்டுப் போகவில்லை. கைக்காசு வேலை செய்கிறார்கள், கொழும்பில் கடையில் நிற்கிறார்கள், கண்டி டவுனில் வீட்டு வேலை செய்கிறார்கள், லயத்துக்குத் திரும்பி வந்து படுக்கிறார்கள். செக்ரோலில் பேர் இல்லாததால் இவர்களுக்குச் சேமலாப நிதியும் இல்லை, காப்புறுதி வந்தால் அதிலும் இடமில்லை. அரசு இவர்களுக்கான கட்டணத்தைத் தானே கட்டும் என்பார்கள். எந்தப் பட்டியலை வைத்து? அரசின் நலன்புரி உதவித் திட்டமான அஸ்வெசுமவின் பட்டியலில் யார் விடுபட்டார்கள் என்று தோட்டங்களில் கேட்டுப் பாருங்கள், பதில் வரும்.

சட்டமே வேண்டாம் என்கிறேனா? இல்லை. இங்கே என்னோடு ஒத்துப்போகாதவர்கள் இருப்பார்கள், குறிப்பாகச் சுகாதாரத் திணைக்களத்திலிருந்து வந்திருக்கும் நண்பர்கள். எழுபது வருஷமாய்ச் சட்டமில்லாமலே இலவச சேவை நடந்ததே என்பார்கள். நடந்தது, உண்மை. 1952இன் சுகாதார சேவைகள் சட்டம் திணைக்களத்தை அமைப்பது பற்றிப் பேசுகிறது. நோயாளிக்கு உரிமை இருக்கிறதென்று பேசவில்லை. நம் அரசியலமைப்பின் அடிப்படை உரிமை அத்தியாயத்தில் சுகாதாரம் இல்லை. உயிர்வாழும் உரிமைகூட நேராக எழுதப்படவில்லை. பொலிஸ் சித்திரவதையால் கணவரை இழந்த ஒரு பெண்ணின் வழக்கில், 2003இல், உயர் நீதிமன்றம் 13(4)ஆம் உறுப்புரைக்குள்ளிருந்து அதை வாசித்து எடுத்தது. உரிமையாக எழுதாதது கொள்கையாக இருக்கும், கொள்கை மாறும். 1971இல் வெளிநோயாளர் துண்டுக்கு 25 சதம் கட்டணம் வந்தது. 1977இல் போனது. வந்ததற்கும் போனதற்கும் நோயாளியிடம் யாரும் கேட்கவில்லை.

2022ஐ நாம் இன்னும் மறக்கவில்லை. மார்ச் மாத இறுதியில், மருந்து இல்லாததால், பேராதனை போதனா வைத்தியசாலை வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்த வேண்டி வந்தது. அவசரமானவை மட்டும் நடக்கும் என்றார்கள். அப்போது கொழும்பில் இருந்த இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் அந்தச் செய்தியைப் பார்த்து, உதவி செய்யும்படி தம் தூதரகத்துக்குச் சொன்னதாக டுவிட்டரில் எழுதினார். இந்திய மருந்து வந்தது. நன்றி சொல்கிறேன், மனதாரச் சொல்கிறேன். ஆனால் சத்திரசிகிச்சைக்குத் தேதி கிடைத்து வார்ட்டில் காத்திருந்த நோயாளிக்கு அந்த நாளில் இருந்த சட்டப் பாதுகாப்பு என்ன? ஒன்றுமில்லை. பேராதனை மருத்துவ பீடத்தில் பீடாதிபதியாய் இருந்த பேராசிரியர் சேனக பிபிலே, 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தை உருவாக்கி, அத்தியாவசிய மருந்துப் பட்டியலைக் கொண்டுவந்து உலகுக்கே வழிகாட்டினார். அவருடைய பேராதனையில்தான் இது நடந்தது. மருந்து ஒழுங்குபடுத்தலுக்கு அவர் விரும்பிய சட்டம் வர 2015 வரை காத்திருந்தோம். அந்தச் சட்டமும் மருந்தின் தரத்தையும் விலையையும் பற்றியது. நோயாளியின் கையில் மருந்து சேர வேண்டிய கடமையை யார்மீதும் அது சுமத்தவில்லை.

ஆகவே சட்டம் வேண்டும். அது கட்டணம் தண்டும் காப்புறுதிச் சட்டமாக இருக்கத் தேவையில்லை. வரிப்பணத்தில் நடக்கும் சேவையை உரிமையாக்கும் சட்டமாக இருக்க வேண்டும். வரைவு எழுதுபவர்களுக்குத் தாய்லாந்தின் அனுபவத்தைச் சொல்ல விரும்புகிறேன். 2002இல் அவர்கள் தேசிய சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம் இயற்றினார்கள். ஒரு தடவைக்கு முப்பது பாட், மீதி அரசு. உலகம் புகழ்ந்தது, புகழத் தகுந்ததுதான். சட்டத்தின் ஐந்தாம் பிரிவு ஒவ்வொரு ஆளுக்கும் உரிமை உண்டு என்றது. நிர்வாகம் அதைத் தாய்லாந்துப் பிரஜைக்கு என்று படித்தது. வடக்கே மலைகளில் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தும் பிரஜாவுரிமை கிடைக்காதவர்கள், அதற்கு முன் ஏழைகளுக்கான வைத்திய அட்டை வைத்திருந்தவர்கள்கூட, எல்லோருக்குமான சட்டம் வந்த அன்று வெளியே தள்ளப்பட்டார்கள். 2010இல் அமைச்சரவை அவர்களுக்குத் தனி நிதி ஒதுக்கும் வரை எட்டு வருஷம். மலைவாசிகள், நாடற்றவர்கள், எல்லோருக்குமான சட்டம்: இந்தச் சபைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நமக்கு 1988இலும் 2003இலும் பிரஜாவுரிமைச் சட்டங்கள் வந்து, நாடற்றோர் என்ற நிலை காகிதத்தில் முடிந்தது. ஆனால் பிறப்புச் சாட்சிப் பத்திரம் இல்லாத, அடையாள அட்டையில் ஊர் பிழையாய் விழுந்த, தோட்டப் பிரிவின் பெயரையே முகவரியாகக் கொண்ட மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே முதலாவதாக, சட்டத்தின் வரையறைப் பிரிவு வதிவை அடிப்படையாகக் கொள்ள வேண்டும், அட்டையை அல்ல. நோயாளி வந்து நிற்பதே தகுதி என்று எழுத வேண்டும்.

இரண்டாவதாக, கையிருப்பில் இல்லாத அத்தியாவசிய மருந்தையும் சோதனையையும் வெளியில் எடுக்கத் துண்டு கொடுத்தால், அந்தத் துண்டே பணமாகச் செல்ல வேண்டும். பார்மசியும் லாபும் அரசிடம் வசூலித்துக்கொள்ளட்டும். காப்புறுதி முறையிலிருந்து எடுக்கத்தக்க நல்ல பாகம் இதுதான்: அரசு வாங்குபவராய் இருக்கலாம், நோயாளி வாங்குபவராய் இருக்கத் தேவையில்லை. செலவாகும். ஆனால் அந்தச் செலவு இப்போதும் ஆகிக்கொண்டுதான் இருக்கிறது, தெல்தோட்டை அம்மாவின் கைப்பையிலிருந்து. அரசின் கணக்கில் அது விழும்போதுதான் மருந்தை நேரத்துக்கு இறக்குமதி செய்யாததன் விலை திறைசேரிக்குத் தெரியும்.

மூன்றாவது, மொழி. 1987இன் 13ஆம் திருத்தத்திலிருந்து தமிழும் அரச கரும மொழி. கண்டியில் எந்தக் கிளினிக்கிலும் அந்தத் திருத்தம் பார்மசி யன்னலை எட்டியதாகத் தெரியவில்லை. பன்னிரண்டு வயது மகன் தாயின் கர்ப்பப்பை வருத்தத்தை வைத்தியருக்கு மொழிபெயர்க்கும் காட்சியை இங்கே வந்திருக்கும் தாதிமார் பார்த்திருப்பார்கள். அந்தத் தாய் பாதியைச் சொல்லாமல் விடுவாள். விட்ட பாதியில்தான் நோய் இருக்கும். கிளினிக்கில் மொழிபெயர்ப்பாளரைச் சேவையின் ஒரு பகுதியாகவே சட்டம் எண்ண வேண்டும், எக்ஸ்ரே மெஷினைப் போல வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியாக.

நான்காவதுதான் கடினம், அது நிலம் பற்றியது. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபைகள் செலவழிப்பதைத் தடுத்துக்கொண்டிருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். சுகாதாரத்துக்கு அதேபோன்ற முட்டுக்கட்டை வேறு உருவில் இருக்கிறது. தோட்ட ஆஸ்பத்திரியும் டிஸ்பென்சரியும் குத்தகை நிலத்தில் நிற்கின்றன. அரசு பொறுப்பேற்க வேண்டுமானால் கட்டடத்தையும் நிலத்தையும் பாதையையும் கம்பனி விடுவிக்க வேண்டும். அமைச்சுக்கும் அமைச்சுக்கும், அமைச்சுக்கும் கம்பனிக்கும் இடையே கடிதம் போகிறது, வருகிறது. கடிதம் போகும் காலத்தில் உதவியாளர் ஓய்வு பெறுகிறார், பதிலுக்கு ஆள் வருவதில்லை, கதவுக்குப் பூட்டு விழுகிறது. சட்டத்தில் ஒரு பிரிவு போதும்: தோட்டத்தில் வைத்திய சேவை நடந்த அல்லது நடக்கின்ற எந்தக் கட்டடமும், அதற்குப் போகும் பாதையும், குறித்த நாளிலிருந்து சுகாதாரத் திணைக்களத்துக்கு உரியவை, குத்தகை வாடகையில் அதற்கேற்பக் கழித்துக்கொள்ளலாம். 1912இன் சட்டம் அத்தியட்சகர்மீது சுமத்திய கடமைகள் அத்தோடு சுகாதார வைத்திய அதிகாரியிடம் போய்ச் சேரும்.

கம்பனிகளின் ஐம்பத்துமூன்று வருஷக் குத்தகை 1992இலிருந்து கணக்கு. 2045இல் முடியும். புதிய குத்தகை பற்றிய பேச்சு அதற்கு வெகு முன்னரே தொடங்கிவிடும், தேயிலை விலையையும் நிலத்தின் பயனையும் வைத்துத்தான் அதுவும் நடக்கும். இந்தப் பிரிவு அந்தப் பேச்சு தொடங்குமுன் சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். சட்ட பீட மாணவர்கள் விரும்பினால் நாளைக்கே வரைவெழுதத் தொடங்கலாம். படித்துப் பிழை பார்த்துத் தர நான் தயார்.